சம்பந்தி கடை டயர்

ராமலட்சுமிக்குக் கோபம் வந்தால் அந்தத் தெருவே வாசலுக்கு வந்து நிற்கும். அருப்புக்கோட்டையில் மாவு மில்லுக்காரன் ஒருவன் அவள் கம்பை வாங்கி வைத்துக்கொண்டு, புழுத்த கம்பைக் கலந்து அரைத்துக் கொடுத்தான். மறுநாள் அந்த மாவை மில்லுக்கே கொண்டுபோய் அவன் தலையில் கொட்டிவிட்டு, வெறும் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டு வந்தாள். ஊர் அவளுக்கு வாய்க்காரி என்று பட்டம் கட்டியது. கட்டியது யார் என்று பார்த்தால், எடையில் கைவைத்தவனும் கலப்படம் செய்தவனும்தான். ஒழுங்காக வியாபாரம் செய்த எவனும் அவளைக் கண்டு ஓடி ஒளிந்ததில்லை.

அவள் பிறந்தது பந்தல்குடியில். தூத்துக்குடி ரோட்டில் லாரிக்காரர்களுக்கு அவள் அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். சாப்பிட்டுக் கிளம்புகிற டிரைவர்கள் வண்டியில் ஏறுமுன் டயர் ஒவ்வொன்றையும் காலால் தட்டிப் பார்ப்பதைப் பார்த்தே வளர்ந்தவள். ஒரு மத்தியானம், தட்டிப் பார்க்காமல் ஏறிப்போன ஒருவரின் லாரி ஊர் எல்லையைத் தாண்டவில்லை. முன் டயர் வெடித்து உப்பு மூட்டைகளோடு கவிழ்ந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அவள் கையால் ரெண்டாம் தடவை ரசம் வாங்கிக் குடித்துவிட்டு, “நல்லா இருக்கு பாப்பா” என்று சொன்ன மனிதர். அந்த உப்பில் ரத்தம் ஊறியதை அவள் ஆயுசுக்கும் மறக்கவில்லை. டயர் என்றால் அவளுக்கு வெறும் ரப்பர் இல்லை.

வாய்த்த புருஷன் அவளுக்கு நேரெதிர். சங்கரபாண்டியன் நரிக்குடியில் இரும்புக்கடை வைத்திருந்தார். யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது, யாரிடமும் ஒரு சொல் வாங்கக் கூடாது என்பதே அவர் வாழ்க்கை. குடும்பம் அருப்புக்கோட்டையில், கடை நரிக்குடியில் என்பதால், பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கித் திருச்சுழி வழியாகத் தினமும் போய்வந்தார். மகள் தங்கச்செல்விக்கு நரிக்குடிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்ததும் அவளும் அதே காரில் போனாள். முன் சீட்டை எப்போதும் கடைக்குப் போகிற பெயின்ட் டப்பாக்களும் ஆணிப் பெட்டியும் பிடித்துக்கொள்ளும். தங்கச்செல்வி பின் சீட்டில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே போவாள்.

அந்த ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். விறகு வெட்டி ஏற்றுகிற வண்டிகள் முள்ளை ரோடெல்லாம் சிந்திக்கொண்டு போகும். சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடக்கும், அதற்குமேல் அள்ளிப் போட்ட ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அங்கே ஓடுகிற டயருக்கு ஆயுசு குறைச்சல்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ராமலட்சுமி கார் டயருக்குத் திருநீற்றுப் பட்டை போடுவாள். சந்தனத்திலும் விபூதியிலும் போட்டால் மறுநாளே புழுதியில் காணாமல் போய்விடுகிறது என்று, ஒரு வருஷம் கடை பெயின்ட் டப்பாவைத் திறந்து வெள்ளைப் பெயின்ட்டாலேயே போட ஆரம்பித்துவிட்டாள். சாமிக்குச் செய்வதை நிற்கிற மாதிரிச் செய்ய வேண்டாமா என்பது அவள் நியாயம். 1991-ம் வருஷப் பூஜையில் ஒரு பின் டயருக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்கித் தங்கச்செல்வி உள்ளே இருந்து கத்தினாள். கை இழுத்துக்கொண்டு, மூன்றாவது கோடு கீழ்ப்பக்கம் நீளமாக ஓடிவிட்டது.

“சாமிக்கே வாலு வச்சுட்டியேம்மா!” என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தை மாசம் தங்கச்செல்விக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை ஹரி. அவன் அப்பா சௌந்தரபாண்டியனுக்கு அருப்புக்கோட்டையிலேயே பந்தல்குடி ரோட்டில் டயர்க் கடை. புது டயர், பழைய டயர் எல்லாம் அங்கே உண்டு. வைகாசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் அம்பாசடரின் டயர் நாலும் மொட்டையாகிப் போயின.

“மதுரைக்குப் போயி நாலும் புதுசாப் போடுங்க. கம்பெனி டயரு வேணாம், கொஞ்சம் மட்டமான டயரா இருந்தாலும் புதுசா இருக்கட்டும்” என்றாள் ராமலட்சுமி.

“கல்யாணச் செலவு கழுத்த நெரிக்குது. பழைய டயருமேல ரப்பரு ஒட்டுன ரீபட்டன் டயரு போட்டா என்ன?” என்றார் சங்கரபாண்டியன்.

“அந்த வெயில்ல ஒட்டுன ரப்பரு தோலு உரிஞ்ச மாதிரி உரிஞ்சு வரும். எங்க ஊருல பாக்காததா? வேணும்னா முன்னாடி ரெண்டு புதுசு வாங்குங்க. பின்னாடிக்கு அடுத்த மாசம் வாங்குவோம். ஆனா, தெரிஞ்ச கடையில வாங்குங்க.”

“தெரிஞ்ச கடையா? சம்பந்தியவிடத் தெரிஞ்ச கடை எது? அவுக டயருக் கடை வச்சிருக்கும்போது நான் மதுரையில போயி வாங்கினா, நாளைக்கு அவுக மூஞ்சியில எப்படி முழிக்கிறது? பொண்ணக் குடுப்பானாம், டயரு வாங்க மாட்டானாம்னு சொல்ல மாட்டாகளா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசி முடித்த பிறகு, சம்பந்தி வீட்டில் உப்புக் கடை இருந்தால் உப்பும் அங்கேதான் வாங்க வேண்டும். விலை கேட்கக் கூடாது, கொடுத்ததைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. மில்லுக்காரன் தலையில் மாவைக் கொட்டிய அதே ராமலட்சுமி இந்த வழக்கத்துக்கு வாயை மூடிக்கொண்டாள். பிறகு அதை நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைக்குப் போன சங்கரபாண்டியனைச் சௌந்தரபாண்டியன் எழுந்து வந்து வரவேற்று, கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். “முன்னாடிக்குப் புதுசு ரெண்டு போட்டுருவோம் மச்சான். பின்னாடிக்குக் கொஞ்சமா ஓடின டயரு நல்லதாக் கெடக்கு. நீங்க நரிக்குடி போயி வாரதுக்குப் புதுசு எதுக்கு? வண்டியையும் பழைய டயரையும் விட்டுட்டுப் போங்க. நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்” என்றார். மறுநாள் டயர் நாலும் நெய் தடவிய மாதிரிக் கறுப்பாக மின்னின. பின் டயர்களில் பட்டன், ரோட்டைக் கவ்விப் பிடிக்கிற வெட்டு, ஆழமாகத் தெரிந்தது. சங்கரபாண்டியன் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தார்.

பங்குனி கடைசியில், ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும்போது, திருச்சுழிக்கு முன்னால் பின் டயர் வெடித்தது. கார் ரோட்டை விட்டு இறங்கி, ஒரு மைல்கல்லை உரசிக்கொண்டு, கருவேலங்காட்டுக்குள் போய் நின்றது. சங்கரபாண்டியனுக்கு ஒன்றும் இல்லை. தங்கச்செல்வியின் நெற்றி முன் சீட்டுக் கம்பியில் மோதிப் பிளந்தது. தையல் போட்டுக் கட்டிய துணியோடு அவள் வீட்டுக்குள் வந்தபோது, ராமலட்சுமிக்கு உப்பு மூட்டைகள்தான் ஞாபகம் வந்தன.

மறுநாள் காலையில், வெடித்த டயர் துணி துவைக்கிற கல்லின் மேல் சாய்ந்து கிடந்தது. திருச்சுழி பஞ்சர்க் கடைக்காரர் அதை ரிம்மில் இருந்து கழற்றி, “இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது அண்ணாச்சி” என்று கையை விரித்துவிட்டிருந்தார். டிக்கியில் இருந்த மாற்றுச் சக்கரத்தை மாட்டித்தான் கார் வீடு வந்திருந்தது. கொஞ்சமாக ஓடிய டயர் எப்படி இப்படி வெடிக்கும் என்ற கேள்வி ராமலட்சுமியைக் குடைந்தது. குனிந்து பார்த்தாள். பட்டனின் பள்ளத்துக்குள் விரலை விட்டால், அடியில் டயரின் உள்நூல் தட்டுப்பட்டது. பள்ளத்தின் ஓரம் கத்தியால் சீவியது போல இருந்தது. சந்தேகம் வந்தது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, காரில் உள்பக்கமாக இருந்த பக்கத்தைத் தேய்த்தாள். கறுப்புச் சாயம் துணியில் வந்தது. தேய்க்கத் தேய்க்க வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. பிறகு இரண்டாவது கோடு. மூன்றாவது கோட்டுக்கு வால் இருந்தது.

அவளுடைய மொட்டை டயர். பட்டன் இல்லாத டயரில் கத்தியைக் காய்ச்சிப் புதுசாகப் பட்டன் வெட்டி, கறுப்பு அடித்து, பட்டை தெரியாமல் உள்பக்கமாகத் திருப்பி மாட்டி, அவளுக்கே திரும்ப விற்றிருக்கிறார்கள். துணியை எடுத்துக்கொண்டு காருக்கு ஓடி, அடியில் கையை விட்டு, இன்னொரு பின் டயரின் உள்பக்கத்தையும் தேய்த்தாள். அங்கேயும் பட்டை இருந்தது. இத்தனை நாளும் மகள் அதன்மேல்தான் உட்கார்ந்து போயிருக்கிறாள்.

“ஏங்க! இங்க வாங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் கதவுகள் திறந்தன.

சங்கரபாண்டியன் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் அவர் முதலில் சொன்னது, “மெதுவாப் பேசு. கல்யாணம் நின்னுரும். நான் மதுரையில வேற டயரு வாங்கிப் போட்டுறேன். யாருக்கும் தெரிய வேணாம்” என்பதுதான்.

“உங்க மக நெத்தியப் பாத்தீகளா? அதுக்கப்புறமும் மெதுவாப் பேசணுமா?”

சம்பந்தி வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டி, தட்டில் பழமும் பூவும் எடுத்துக்கொண்டு போவதுதான் முறை. ராமலட்சுமி பட்டுச்சேலையைக் கட்டினாள். பழத்துக்குப் பதிலாக டயரைத் தெருவில் இறக்கி, கையால் உருட்டிக்கொண்டு நடந்தாள். வெடித்த டயர் நொண்டிக்கொண்டே உருண்டது. நெற்றிக் கட்டோடு தங்கச்செல்வி பின்னால் வந்தாள். அவள் கையில் ஒரு பை இருந்தது. சங்கரபாண்டியன், “ஊரு சிரிக்கும், வண்டியில ஏறுங்க” என்று கெஞ்சிக்கொண்டே காரை மெதுவாக ஓட்டிவந்தார். ரெண்டு பேரும் ஏறவில்லை. கடைவீதியில் வியாபாரத்தை விட்டுவிட்டு ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, அவள் முகம் அப்படி இருந்தது.

டயரைச் சௌந்தரபாண்டியனின் மேஜைக்கு முன்னால் தள்ளிவிட்டாள். அது சுற்றிச் சுற்றி விழுந்து, பட்டை மேலே தெரியக் கிடந்தது.

“இது யாரு டயரு அண்ணாச்சி?”

சௌந்தரபாண்டியன் பட்டையைப் பார்த்தார். கடையில் நின்ற ஆட்களையும் பார்த்தார். “உள்ள வாங்க தங்கச்சி. வீட்டுல உக்காந்து பேசுவோம்.”

“வீட்டுலயா வித்தீக? இங்கதான வித்தீக. இங்கயே சொல்லுங்க. வெளியாளுக்கு இப்படிக் குடுப்பீகளா?”

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் உண்மையும் வந்துவிட்டது. “வெளியாளுக்குக் குடுத்தா மறுநாளே சண்டைக்கு வருவான். நம்ம மச்சான்தான, பொறுத்துக்கிருவாகன்னு நெனச்சேன். மெதுவா ஓட்டுற வண்டி. இதுக்குப் போயி டயர ரோட்டுல உருட்டிட்டு வாரதா?”

கேட்டவுடன் ராமலட்சுமிக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. வெளியாளுக்கு நல்ல சரக்கு, ஏனென்றால் அவன் சண்டை போடுவான். சொந்தக்காரனுக்கு வெட்டின டயர், ஏனென்றால் அவன் வாயைத் திறக்க மாட்டான். அந்தத் தைரியத்தைக் கொடுத்தது யார்? பிரித்துப் பார்க்காத அவளும் அவள் புருஷனும்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் தங்கச்செல்வி முன்னால் வந்தாள். கடையின் உள்பக்கம் கதவோரத்தில் ஹரி நின்றுகொண்டிருந்தான்.

“இதுல பட்டன் வெட்டுனது யாரு?” என்று அவனைப் பார்த்தே கேட்டாள்.

ஹரி அப்பாவைப் பார்த்தான். “அப்பாதான் வெட்டச் சொன்னாக.”

“எங்க வண்டிக்குன்னு தெரியுமா?”

“தெரியும். பின் டயருதான... முன்னாடி புதுசு போட்டோம்ல. ஒண்ணும் ஆகாதுன்னுதான்...”

“நான் பின்னாடிதான் உக்காருவேன்” என்றாள் தங்கச்செல்வி. “அதுவும் உங்களுக்குத் தெரியும். தையில இருந்து நான் போறதத் தெனமும் ரோட்டுல நின்னு பாத்தீகள்ல.”

அவள் பையில் இருந்து, மாப்பிள்ளை வீட்டில் கொடுத்த நிச்சயதார்த்தச் சேலையை எடுத்து, மடிப்புக் கலையாமல், டயரில் கிழியாமல் இருந்த பக்கத்தின் மேல் வைத்தாள். குரல் உயரவில்லை, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தான் இத்தனை வருஷமாகச் சத்தம் போட்டும் செய்ய முடியாததை மகள் சத்தமில்லாமல் செய்வதைப் பார்த்து ராமலட்சுமி திகைத்து நின்றாள்.

“தங்கச்சி, அவசரப்படாதீக” என்று ராமலட்சுமியிடம் சொல்லிக்கொண்டே சௌந்தரபாண்டியன் எழுந்தார். “நாலும் புதுசாப் போட்டுத் தாரேன். இப்பவே போட்டுத் தாரேன்.”

“டயரு மாத்துவீக அண்ணாச்சி. வெட்டுன கைய மாத்த முடியுமா?” என்றாள் ராமலட்சுமி.

வெளியே சங்கரபாண்டியன் காரில் சாய்ந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. ராமலட்சுமி அவரிடம் போய், “பின்னாடி இருக்குற இன்னொண்ணும் வெட்டுன டயருதான். இதுல இனிமே ஒரு அடி ஓட்டக் கூடாது” என்றாள்.

அந்த மனிதர் தன் ஆயுளில் யாரிடமும் கேட்காத ஒன்றை அன்றைக்குக் கேட்டார். கடை வாசலைப் பார்த்துத் திரும்பி, “என் புள்ள செத்திருந்தா என்ன மச்சான் சொல்லியிருப்பீக?” என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிக்கியில் இருந்து ஜாக்கியை எடுத்து, கடை வாசலிலேயே காரைத் தூக்கி அந்த டயரை ரிம்மோடு கழற்றினார். கழற்றியதைக் கடைக்குள் வீசினார்.

மதுரையில் இருந்து புது டயர் வந்து சேரும்வரை அம்பாசடர் அந்தக் கடைக்கு நேர் எதிரே செங்கல் அடுக்கின் மேல் நின்றது. பஸ்ஸில் போகிறவர்களும் லோடு ஏற்ற வந்தவர்களும் என்ன, ஏது என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ராமலட்சுமி நின்று விவரமாகச் சொன்னாள். தங்கச்செல்வி நெற்றிக் கட்டோடு, கூட்டத்தில் நின்றபடியே பஸ்ஸில் நரிக்குடிக்குப் போய்வந்தாள்.