நாலு கால் புலி

ஆட்டைக் கடித்தது புலி. இதைச் சொல்லும்போது இவ்வளவு வயதாகியும் என் குரல் தானாக உயர்கிறது. அன்றைக்கும் உயர்த்தித்தான் சொன்னேன். எங்கள் ஊர் கரடியனாறு முழுவதற்கும் கேட்கட்டும் என்று சொன்னேன். அதற்காக என் வாயைப் பொத்தியவர்கள், காதைத் திருகியவர்கள், இந்தப் பிள்ளையால்தான் நமக்குச் சாவு என்று தலையில் அடித்துக்கொண்டவர்கள் எல்லோரையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒருவரையும் நான் மன்னிக்கவில்லை. இப்போது அவர்கள் வீட்டுக்கு வந்தால் எழுந்து கதிரை கொடுத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறேன், அது வேறு விஷயம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாய்க்கு மட்டும் நாற்பது என்று பெரியம்மா சொல்வார். சண்டைக்குப் பயந்து ஓடி, கூடாரங்களில் கிடந்து, ஊருக்குத் திரும்பிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்தில் சண்டை முடிந்துவிட்டது. வடக்கே இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஊருக்குள் நுழையும் வழியில் இராணுவ முகாம். விறகுக்குப் போவதென்றாலும் வட்டைக்குப் போவதென்றாலும் அங்கே சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். வட்டை என்றால் எங்கள் ஊரில் வயல்வெளி. சொந்த வயலில் தண்ணீர் கட்டப் போகிறவன் கூட, களவாக வேட்டைக்குப் போய்ப் பிடிபட்டவனைப் போல முழங்கையைச் சொறிந்துகொண்டு அந்த வாசலில் நிற்பான்.

எங்கள் வீட்டில் அம்மா, நான், கறுவல் என்ற நாய், அவ்வளவுதான் ஆட்கள். அப்பா கடலோரத்துக் கல்லடியில் தன் அக்காவைப் பார்க்கப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமைதான் கடல் வந்தது. அவரைத் தேடிப்போன அம்மா ஒரு நாய்க்குட்டியோடு திரும்பிவந்தாள். இதை ஏன் கொண்டுவந்தாய் என்று யார் கேட்டாலும், "நான் எங்க கொண்டுவந்தன்? அதுதான் என்னோட வந்திச்சு" என்பாள். அண்ணன் கட்டாரில் வேலை செய்வதாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் நானும் கட்டார் என்று பெருமையடித்தேன். அவன் இயக்கத்துக்குப் போனவன் என்பதும், நாங்கள் கூடாரத்தில் இருந்த காலத்திலேயே அவனைப் பற்றிய கடைசிச் செய்தி வந்துவிட்டது என்பதும் என்னைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாற்பது வயது வாயை நம்பி அதை யார் சொல்வார்கள்?

அப்படி இருக்கும்போதுதான் பெரியப்பாவின் பட்டியில் இருந்த இரண்டு ஆடுகளை ஏதோ கடித்துப்போட்டது. அவை பெரியப்பாவின் ஆடுகள் மட்டுமென்றால் அவரே ஒரு மூலையில் குந்தியிருந்து அழுதுவிட்டுப் புதைத்திருப்பார். திரும்பிவந்த குடும்பங்கள் பிழைக்கட்டும் என்று எங்கிருந்தோ வந்த ஒரு நிறுவனம் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்த ஆடுகள் அவை. முகாம் பெரியவரே வந்து நின்று, படம் எடுக்கச் சிரித்து, கயிற்றைக் கையில் கொடுத்திருந்தார். ஆகவே எப்படிச் செத்தன என்று அவருக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

காலையில் ஊரே அங்கே கூடியிருந்தது. நான் பெரியவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து முன்னால் போய்ப் பார்த்தேன். ஒரு ஆடு பட்டிக்குள்ளேயே கிடந்தது. தொண்டையில் ஆழமாகப் பல் பதிந்த ஓட்டைகள், மற்றபடி உடம்பில் ஒரு கீறல் இல்லை. மற்ற ஆட்டை என் தலை உயர வேலிக்கு மேலால் தூக்கிக்கொண்டு போய், வாய்க்கால் கரைப் பற்றைக்குள் வைத்து வயிற்றைத் தின்றிருந்தது. வாய்க்கால் சேற்றில் காலடி பதிந்து கிடந்தது. என் கையை விரித்து வைத்தேன். அடி பெரிதாக இருந்தது. வட்டமாக, நகம் ஒன்றும் பதியாமல் இருந்தது. நாய் நடந்தால் நகம் பதியும். எங்கள் ஊரில் இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். வாசலில் கோலம் போட்ட அன்று நாய் நடந்துபோனதைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்தது. ஆனால் ஒருவர் நரி என்றார். நரி என்னத்துக்கு ஆட்டைத் தூக்கிக்கொண்டு வேலி பாயப்போகிறது என்று அவரே தனக்குள் முணுமுணுத்தார். இன்னொருவர் குளத்து முதலையாக இருக்கும் என்றார். வேலி பாயும் முதலை! வேறொருவர், ஊரின் பெயரிலேயே கரடி இருக்கிறதே, கரடிதான் என்று அடித்துச் சொன்னார். பாவம் அந்தக் கரடி, பாலைப்பழமும் கறையான் புற்றுமாகத் திரிகிற பிராணி.

"புலி" என்றேன் நான்.

பெரியம்மா என் வாயைப் பொத்தினார். "அந்தப் பேரைச் சொல்லாத புள்ள. சொன்னா வந்திருவாங்கள்."

எனக்கு இது விளங்கிவிட்டதாகவே நினைத்தேன். எங்கள் ஆட்கள் காட்டுக்குள் போனால் யானையை யானை என்று சொல்லமாட்டார்கள், பெரியவர் என்பார்கள். பேர் சொன்னால் வந்து முன்னால் நிற்கும் என்று பயம். புலிக்கும் அதே மரியாதை போலும் என்று எடுத்துக்கொண்டேன். அதனால் கோபம் இன்னும் கூடியது. வந்து வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போனபிறகு இனிப் பேர் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன? சிறுத்தை என்று ஒரு சொல் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் எங்கள் வாயில் அது எப்போதும் புலிதான். ஆடு செத்துக் கிடக்கிற இடத்தில் யாரும் புத்தகத்தை விரித்துச் சொல் தேடுவதில்லை.

கடைசியில் பெரியப்பாதான் முடிவு சொன்னார். ஆட்டைக் கடித்தது நாய் என்று முகாமில் சொல்லுவோம். எந்த நாய் என்று கேட்பார்கள். கறுவலைக் காட்டிக் கொடுப்போம், அவர்கள் சுட்டுப் போடட்டும், கதை அத்தோடு முடியும். இதைச் சொல்லும்போது அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, வேலியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மச்சாள், உனக்காகவுந்தான் சொல்றன். வேற எதையும் சொல்லிப் போட்டமெண்டா முதல்ல உன்ட வீட்டைத்தான் கிண்டுவாங்கள்" என்றார்.

அம்மா செத்த ஆட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கறுவலா ஆடு கடிப்பான்? கோழிக்குஞ்சு முறைத்தாலே வாலைக் கவட்டுக்குள் வைத்துக்கொள்கிற பயந்தாங்கொள்ளி அவன். அன்று காலை அவன் அரிசி மூட்டைக்குப் பின்னால் புகுந்து, நடுங்கி, மூத்திரம் பெய்து, வெளியே வரவேமாட்டேன் என்று கிடந்தான். கடித்தது எது என்று ஊரில் உண்மையை ஒளிக்காமல் சொன்ன ஒரே ஜீவன் அவன்தான். நான் வீட்டுக்கு ஓடிப்போய் அவனை இழுத்தெடுத்துக் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். சுடுவதென்றால் என்னையும் சேர்த்துச் சுடட்டும் என்று பட்டியடிக்கு வந்து நின்று கத்தினேன்.

முகாமிலிருந்து பெரியவரும் கூட நாலைந்து பேரும் வந்தார்கள். கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு பொடியனும் வந்திருந்தான். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. பெரியப்பா குனிந்தபடி, "நாய்தான் ஐயா" என்றார்.

"எந்த நாய்?" என்றான் பொடியன்.

பெரியப்பாவின் கை என் பக்கம் நீண்டது.

"பொய்!" என்று கத்தினேன். "நாய் இல்ல! புலி! புலி வந்தது!"

பொடியன் அதை மொழிபெயர்க்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அவர்களில் யாருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. தோளில் தொங்கிய துவக்குகள் கைக்கு வந்தன. ஒருவன் பற்றைப் பக்கம் திரும்பி முழங்காலில் இருந்தான். "கொட்டியா? எங்க? எத்தன பேர்?" என்று பொடியன் என்னைக் கேட்டான், அவன் குரல் கீச்சிட்டது.

"ஒண்டுதான்" என்றேன், பெருமையோடு. ஒருவராவது என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார்களே! "வேலி பாஞ்சு வந்து திண்டுபோட்டுப் போயிட்டு. அடி கிடக்கு, வந்து பாருங்க."

பெரியம்மா அப்படியே தரையில் இருந்துவிட்டார். அப்போதுதான் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எனக்கும் துவக்குகளுக்கும் நடுவே நின்றாள். முழங்காலில் விழுந்தாள். கும்பிடப்போகிறாள் என்று நினைத்து எனக்கு வெட்கம் வந்தது. அவள் கும்பிடவில்லை. கையையும் நிலத்தில் ஊன்றி நாலு காலில் நின்றாள்.

வாய்க்கால் சேற்றை விரலில் தொட்டாள். கையில், கன்னத்தில், கழுத்தில் எல்லாம் புள்ளி புள்ளியாக வைத்தாள். முதுகைப் பதித்து, வயிறு நிலத்தில் உரச, செத்த ஆட்டை நோக்கி ஊர்ந்து போனாள். தலையைத் தூக்கிப் பெரியவரின் முகத்துக்கு நேரே உறுமினாள். சும்மா விளையாட்டு உறுமல் இல்லை. கறுவல் என் பிடியை உதறிக்கொண்டு ஓடியே போய்விட்டான். பிறகு பாய்ந்து, ஆட்டின் தொண்டையைப் பிடித்து உலுப்பினாள். அவள் தலைமுடி அவிழ்ந்து சேற்றில் புரண்டது.

"ஆ! திவியா! திவியா!" என்றான் பொடியன். துவக்குகள் இறங்கின. அவர்களின் பாஷையில் இரண்டு புலிக்கும் இரண்டு சொல் இருக்கிறது. எங்களுக்கு ஒன்றுதான். முதலில் பெரியவர் சிரித்தார், பிறகு மற்றவர்கள் சிரித்தார்கள், பிறகு பயம் கழன்ற ஊரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மாவைப் பார்த்துச் சிரிக்க இவர்கள் யார்?

அம்மா சிரிக்கவில்லை. ஆறுதலாக எழும்பி, முடியை முடிந்துகொண்டு, சேற்றுப் புள்ளிகளோடேயே பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கோங்க அத்தான். எல்லாரும் கேட்டுக்கோங்க. ஆட்டைக் கடிச்சது புலி. நாலு கால் புலி. என்ட நாயில ஆரும் கை வெச்சா, மறுகா அஞ்சாவது காலும் எனக்கு முளைக்கும்."

பெரியவர் அடியைப் போய்ப் பார்த்தார், தலையை ஆட்டினார், பட்டியைச் சுற்றி நெருப்புப் போடச் சொன்னார். புறப்படும்போது பொடியன் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே கேட்டான், புலி திரும்ப வருமா என்று.

"வராது" என்றாள் அம்மா. அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். "எங்கட புலி இனி வராது."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. இவ்வளவு பாடுபட்டு உண்மையை நிலைநாட்டிவிட்டு, கடைசியில் இப்படி ஒரு மடைத்தனமான பதிலா? மிச்சம் வைத்துவிட்டுப் போன புலி கட்டாயம் திரும்பி வரும், இது யாருக்குத்தான் தெரியாது? வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் அம்மாவோடு சண்டை பிடித்தேன். அவள் முன்னால் நடந்தாள். கிணற்றடியில் குந்தியிருந்து முழங்காலைக் கழுவினாள். கழுவின முழங்காலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வரும்!" என்று அவள் காதுக்குள் கத்தினேன். "நீ பொய் சொல்றாய். புலி வரும்!"

அம்மா என்னை அடிக்கவில்லை.

"வந்தா, ஓடிப்போய்க் கதவைத் திற" என்றாள்.

பயத்தில் அம்மாவுக்கு மூளை பிசகிவிட்டது என்று கறுவலிடம் சொன்னேன். புலிக்கு யாராவது கதவு திறப்பார்களா? விளக்கு வைக்கிற நேரம், அவள் பார்க்காத சமயமாகப் பார்த்து, எங்கள் தகரக் கதவின் கொண்டியை இழுத்துப் போட்டேன். அது போதாதென்று உலக்கையையும் தூக்கிவந்து முட்டுக் கொடுத்து வைத்தேன்.