பூட்டிய காம்பராவில் கேட்ட சத்தம்

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில் நடந்தது இது. அப்போது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வலயக் கண்காட்சிக்கு எங்களையும் ஏதாவது அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வருடாவருடம் செய்கிற எரிமலையும் காற்றாடியும் எனக்கு அலுத்துவிட்டன. உண்மையிலேயே விடை தெரியாத ஒரு கேள்வியைக் கொண்டு வாருங்கள் என்று தரம் ஒன்பது பிள்ளைகளிடம் சொன்னேன்.

மறுநாள் மூன்று மாணவிகள் வந்தார்கள். குடும்பத்துக்கு ஓர் அறையாக வரிசையாய்க் கட்டிய அவர்களுடைய லயத்தில் கடைசிக் காம்பரா பூட்டிக் கிடந்தது. அங்கிருந்த பெண் இறந்த பிறகு அவள் குடும்பத்தார் கொழும்புக்குப் போய்விட்டார்கள். சில மாதங்களாகப் பின்னேரங்களில் உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்களாம். பயத்தில் பக்கத்துக் காம்பராக் குடும்பமும் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டது. தட்டுவது யார் என்பதுதான் பிள்ளைகளின் கேள்வி.

எனக்குச் சந்தோஷம். விடை எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பகல் வெயிலில் சூடான தகரக் கூரை, பனிமூட்டம் இறங்கியதும் சுருங்கும். சுருங்கினால் சத்தம் வரும். அதையே கருதுகோளாக எழுதச் சொல்லி, ஒரு வெப்பமானியைக் கொடுத்து, தினமும் வெப்பநிலையையும் தட்டும் எண்ணிக்கையையும் குறித்து வரச் சொன்னேன்.

அந்த வாரக் கடைசியில் நானும் லயத்துக்குப் போனேன். நாலு மணிக்கே எதிர்மலை பனிமூட்டத்தில் மறைந்துவிட்டது. அந்தக் கதவின் வாசற்படியில் கற்பூரக் கரியும் பேய் விரட்ட வைத்த மஞ்சள் தேசிக்காய் ஒன்றும் இருந்தன. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூன்று தட்டு. சற்று விட்டு, இன்னொன்று. உள்ளே இருக்கிற ஒருவர் விரலை மடக்கி, திறவுங்கள் என்று பொறுமையாகத் தட்டுவது போலவே இருந்தது. எனக்கும் பயம்தான். ஆனாலும் நான் டீச்சர் அல்லவா? கூடியிருந்தவர்களிடம் பேயுமில்லை பிசாசுமில்லை, வெறும் தகரம்தான் என்று விளக்கினேன். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. அந்த வாரமே பக்கத்துக் காம்பராக் குடும்பம் கைக்குழந்தையோடு திரும்பி வந்தது.

இரண்டு வாரம் கழித்து பிள்ளைகள் கொப்பியைக் காட்டினார்கள். வெயில் அடித்த நாட்களில் சத்தமே இல்லை. மழை நாட்களில்தான் பக்கம் நிறையக் கோடுகள். என் கருதுகோளுக்கு நேர்மாறு. மழை கூரையில் விழுந்து உங்கள் எண்ணிக்கையைக் குழப்பியிருக்கும், அந்த நாட்களை விட்டுவிட்டு எழுதுங்கள் என்றேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மூவரில் அதிகம் பேசாத பிள்ளைதான் வாய் திறந்தாள்.

"மழ சத்தம் மேல கேக்குதுங்க டீச்சர். தட்டுறது கீழ கேக்குது."

கீழே என்றால் எங்கே என்று கேட்டேன்.

"மண்ணுக்குள்ளங்க. காத தரையில வச்சா நல்லா கேக்குது."

தோட்டத் தலைவரிடம் சாவி வாங்கிக்கொண்டு அன்று பின்னேரமே நால்வரும் போனோம். பூட்டு திறந்தும் கதவு அசையவில்லை. இரண்டு பேர் தோள் கொடுத்துத் தள்ளினோம். திறந்த வேகத்தில் வாசலில் இருந்த தேசிக்காய் காலில் இடறி உள்ளே போய் நடுத்தரையில் நின்றது. உள்ளே கொடியில் இறந்துபோன பெண்ணின் சேலை ஒன்று அப்படியே தொங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேசிக்காய் மெதுவாக அசைந்தது. பிறகு தானாக உருண்டு பின்சுவர்ப் பக்கம் போனது. காற்றில்லை. அப்போது எங்கள் காலடியில் தட்டியது. காதுக்கு வருமுன் உள்ளங்காலில் அது தெரிந்தது.

ஓடிவிட வேண்டும் போலிருந்தது எனக்கு. அதிகம் பேசாத அந்தப் பிள்ளையோ அளப்பதற்கு அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு தேசிக்காய் போன வழியே போனாள். சுவரும் தரையும் சேரும் இடத்தில் என் கை நுழையுமளவு வெடிப்பு. அதிலிருந்து குளிர்ந்த சேற்று வாடை வந்தது. கொப்பித் தாளில் ஒரு துண்டு கிழித்து, வெடிப்பின் குறுக்கே பசை போட்டு ஒட்டி, திகதி எழுதினாள். மறுநாள் அது குறுக்காகக் கிழிந்திருந்தது. புதிதாக ஒட்டினோம். அதுவும் கிழிந்தது.

மலையில் பிறந்தவர்களுக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. லயத்தைத் தூக்கிக்கொண்டு மண் நகர்ந்துகொண்டிருந்தது. தோட்ட அலுவலகத்துக்கும் கிராம சேவகருக்கும் அறிவித்தோம். அதிகாரிகள் வந்து பார்க்கச் சில நாட்களாகும் என்றார்கள். வானமோ இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துக் காம்பராப் பெண்ணிடம் ஓடிப்போய், உடனே வெளியேறச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. குழப்பத்தோடு என்னைப் பார்த்தாள்.

"தகரம்தான்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க. அத நம்பித்தானே புள்ளய இங்க தூங்க வக்கிறேன்."

அடுத்த நாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போனேன். அத்தனை பேர் முன்னால் நின்று, நான் சொன்னது பிழை, சோதித்துப் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்றேன். மலை எப்போது இறங்கும், இறங்குமா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆனால் ஒட்டுகிற தாள் கிழிகிறது என்றேன். பிள்ளைகள் கிழிந்த தாள்களைத் தூக்கிக் காட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். முதலில் சட்டி பானையைத் தூக்கியது அந்தக் கைக்குழந்தைக்காரிதான். பின்னேரத்துக்குள் லயத்துக் குடும்பங்கள் எல்லாம் எங்கள் வகுப்பறைகளுக்கு வந்துவிட்டன.

மூன்றாம் நாள் காலை பத்து மணியிருக்கும். லொறியிலிருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம், நிற்காமல் வந்தது. வெளியே ஓடினால் வெறும் வெள்ளைப் பனிமூட்டம். அது விலகியபோது லயத்தின் கடைசி மூன்று காம்பராக்கள் இருந்த இடத்தில் சிவந்த மண் மட்டும் தெரிந்தது. ஓர் உயிரும் போகவில்லை.

கண்காட்சிக்கு அந்தக் கொப்பியைத்தான் வைத்தோம். என் கருதுகோளையும் அதைக் குறுக்கே வெட்டிய கோட்டையும் பிள்ளைகள் மறைக்கவில்லை. முடிவு என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தார்கள்: "மண் நகர்ந்ததை அளந்தோம். தட்டும் சத்தம் அதனால்தான் வந்ததா என்பதை இனிப் பார்க்க முடியாது." பரிசு கிடைக்கவில்லை.

இன்று வகுப்பில் ஒரு பிள்ளை கேள்வி கேட்டால், தெரியாது என்று சொல்ல எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை. தெரியும் என்று சொல்லப் போகும்போதுதான், அந்தத் தாயின் முகம் நினைவுக்கு வந்து ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.