ஆடிப் பதினெட்டில் செஞ்சி ஆறு

மகளுக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆடியில் நாங்கள் திருவண்ணாமலையில் இருந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி, என் உத்தியோகம் அப்போது அங்கே. வழக்கப்படி ஆடி மாதத்துக்கு மகளை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். மாப்பிள்ளை சென்னையில் இருந்தார்.

நாங்கள் கும்பகோணத்துப் பக்கம். என் மனைவிக்கு ஆடிப் பதினெட்டு என்றால் ஆறு. அன்றைக்குப் புதுப்பெண் ஆற்றங்கரையில் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ள வேண்டும். காயவைத்து எடுத்துவைத்த கல்யாண மாலைகளை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். முதல் வருஷம் இது தவறிப்போனால் மனைவிக்கு நிம்மதி இருக்காது.

திருவண்ணாமலையில் குளங்கள்தான் உண்டு. செஞ்சியை ஒட்டிச் சங்கராபரணி ஆறு ஓடுவதை வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தேன். போகிற வழியில் கோட்டையையும் பார்த்துவிடலாம் என்றேன். ஆடியில் ஆற்றில் தண்ணீர் இருக்குமா என்று மூவரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. காவிரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அது ஒரு கேள்வியே அல்ல.

திருவண்ணாமலையிலிருந்து வரும்போது கோட்டை முதலில் வரும். ஊர் அதற்கு அப்பால். கோட்டையருகே இறங்கி நடந்தோம். கல்யாண மகாலின் அடுக்கு மாடங்களையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்தோம். ராஜகிரியின் மேல் ஏறவில்லை. மாலைகள் இருந்த துணிப்பையை மகளே தோளில் மாட்டியிருந்தாள். நான் இரண்டு முறை கேட்டும் கொடுக்கவில்லை. மனைவி ஒவ்வொரு கட்டடத்தின் நிழலிலும் நின்று வெயிலைப் பார்த்தாள். சடங்கு உச்சிப்பொழுதுக்குள் முடிய வேண்டும்.

"கல்லையே பார்த்துட்டு நின்னா பொழுது போயிடும்ங்க," என்றாள்.

வெளியே வரும் வழியில் செட்டிக்குளம். படிக்கட்டு நல்ல நிலையில் இருந்தது, தண்ணீரும் தெளிவாக இருந்தது. மனைவி நின்றுவிட்டாள். மாலையை வேண்டுமானால் அப்புறம் ஆற்றில் விடலாம், கயிற்றை இங்கேயே மாற்றிவிடலாம் என்றாள். மஞ்சளை வெளியே எடுத்தும்விட்டாள்.

நான் கரையில் இருந்த மேடையைக் காட்டினேன். போரில் இறந்த ராஜாவை அங்கேதான் எரித்தார்கள் என்றும், ராணியும் சின்ன வயதிலேயே அந்தச் சிதையில் இறங்கினாள் என்றும் சொன்னேன். பார்க்க வந்த இடத்தைப் பற்றிச் சொல்வது என் வழக்கம்.

மனைவி மஞ்சளை மறுபடி மடித்து வைத்தாள்.

"இப்ப இதை யார் கேட்டா உங்களை?"

"சரித்திரம்தானே."

"தாலிக்கயிறு மாத்தற இடத்துல சரித்திரம்! ஒரு அரை மணி நேரம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். நடங்க."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கடைத்தெருவைத் தாண்டி நடந்தோம். வெயில் ஏறியிருந்தது.

கரையில் ஏறிப் பார்த்தபோது ஆறு அகலமாகக் கிடந்தது. முழுவதும் மணல். நடுவில் நாலைந்து ஆடுகள் நின்றன. தூரத்தில் மணலில் பள்ளம் பறித்து, இரண்டு பெண்கள் சொம்பால் மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"இதுவா ஆறு?" என்றாள் மனைவி. என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

அருகில் போனோம். மூத்தவள் மனைவி, மகளின் பட்டுப்புடவைகளையும் பையையும் பார்த்தாள்.

"இன்னாம்மா, எந்த ஊரு நீங்க?"

மனைவி ஊரைச் சொன்னாள். வந்த காரியத்தையும் சொன்னாள். இளையவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஆடில தண்ணி தேடிக்கினு வந்தீங்களா? ஐப்பசில வாங்கம்மா. பாலத்த தொட்டுக்கினு போவும்."

"சும்மா இருடி," என்றாள் மூத்தவள். "உக்காரு கண்ணு. கயிறுதான? இந்தத் தண்ணி போதாதா?"

தன் சொம்பைக் கழுவி, ஊற்றிலிருந்து மொண்டு கொடுத்தாள். மகள் மணலில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். மனைவி மஞ்சளைக் குழைத்துப் புதுக்கயிற்றில் தடவினாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கயிறு மாற்றி முடித்ததும் மூத்தவள் தன் கையாலேயே மகளுக்குக் குங்குமம் வைத்தாள். உச்சிக்கு இன்னும் நேரம் இருந்தது.

பிறகு மனைவி பையைத் திறந்து மாலைகளை எடுத்தாள். சம்பங்கி பழுப்பாகிச் சுருண்டிருந்தது. ஜரிகை மட்டும் அப்படியே இருந்தது. ஊற்றின் பக்கம் குனிந்தாள்.

மூத்தவள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது குடிக்கிற ஊத்தும்மா. பூவப் போட்டுடாத. எங்க தெருவே இதுலதான் மொள்ளுது."

"அப்ப எங்க விடறது?"

"மணல்ல பொதச்சிட்டுப் போ. தண்ணி வந்தா தானா எடுத்துக்கினு போவும்."

"கல்யாண மாலையைப் புதைக்கவா?" மனைவியின் குரல் உடைந்துவிட்டது. அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. ஆடுகள் நின்ற இடத்தைப் பார்த்தாள், பாலத்தைப் பார்த்தாள். வேறு இடமில்லை.

மகள் எழுந்து அம்மாவின் கையிலிருந்து மாலைகளை வாங்கினாள். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

"நான் அவரோட வந்து விடறேன்மா."

"எப்போ?"

"அதான் சொன்னாங்களே, ஐப்பசில."

"அதுவரைக்கும் காய்ஞ்ச மாலையை வீட்டுல வச்சிருக்கறதா? ஆகாதுடி."

"உங்க வீட்டுல வேண்டாம். என் வீட்டுல வச்சுக்கறேன்."

சென்னை வீட்டை அவள் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான். மனைவி சொம்பைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் கரையேறினாள்.