இருபது அங்குலச் சக்கரமும் ரிஸ்னாவின் முதுகும்

யாழ்ப்பாணத்தில் காலை ஐந்தரைக்கு ஏறிய பஸ், வெள்ளிக்கிழமை பகல் ஒன்று இருபதுக்கு என்னைக் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் இறக்கிவிட்டது. கட்டணம் ஆயிரத்து இருநூறு ரூபா. பெரஹரா ஊர்வலம் பார்க்கவோ, பேராதனைப் பூங்காவில் நடக்கவோ நான் வரவில்லை. ஒரு காரின் நான்கு சக்கரங்களைக் கழற்றி வேறு நான்கை மாட்டுவதைப் பார்க்க வந்தேன். இதற்காக எட்டு மணித்தியாலம் பயணமா என்று என் மனைவியும் கேட்டாள். நான் கணித ஆசிரியன், அதோடு கார்ப் பைத்தியம். இரண்டும் ஒருவனிடம் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும்.

காரின் சொந்தக்காரன் ரமீஸ். பேராதனையில் என்னோடு ஒரே அறையில் இருந்து படித்தவன். இப்போது மடவளையில் பிஸ்கட், சவர்க்காரம் மொத்த வியாபாரம். கடைகளுக்குச் சாமான் போட நான்கு சின்ன லொறிகள். வீடு திகனவில். படிக்கும் காலத்திலேயே ஒரு ஜெர்மன் காரின் படத்தை அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தான். அதே வகைக் காரைப் போன வருடம், பழையதாக, கொழும்பில் வாங்கிவிட்டான்.

சந்தியில் அந்தக் கார் வந்து நின்றபோது நான் அதை ஒருமுறை சுற்றி வந்தேன். பார்க்கச் சாதாரண நாலு கதவுக் கார்தான். ஆனால் சும்மா நிற்கும்போதே அதன் எஞ்சின் உறுமல் கதவுப்பிடியில் தெரிந்தது. சக்கரங்கள்தான் பெரிய அழகு. முந்தின சொந்தக்காரர் எடுப்புக்காகப் போட்ட இருபது அங்குல அலோய் வீல்கள். அவற்றைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டி போல டயர்.

"ஏறு மச்சான். ஏறிட்டு முகத்தை மட்டும் சுழிச்சிடாத" என்றான் ரமீஸ்.

திகன வரையான பயணத்தில் முகம் தானாகவே சுழிந்தது. வேகத்தில் கார் அம்பு மாதிரிப் போகிறது, மறுக்கவில்லை. ஆனால் வீதியில் தார் ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொன்றும் என் முதுகெலும்பில் தனித்தனியாகப் பதிவானது. ஒரு பாலத்தின் பொருத்து வந்தபோது பல்லோடு பல் அடித்தது. அவன் ஓரக்கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பிடி?"

"நல்ல கார்தான். ஆனா நடந்து வந்திருக்கலாம்" என்றேன்.

மாலை நாலு மணித் தேநீரோடு விஷயம் முழுவதும் வெளியே வந்தது. ரமீஸின் மனைவி ரிஸ்னா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அலுவலக வேலை செய்கிறார். இரண்டு வருடங்களாக முதுகில் டிஸ்க் வலி. கணவனிடம் இப்படி ஒரு கார் இருந்தும் அவர் வேலைக்குப் போவது பஸ்ஸில், இரண்டு பஸ் மாறி.

"அண்ணன், நான் கோவத்துல செல்லல்ல. நான் ஏறாத கார் வீட்டுக்கு எதுக்கு? பஸ்ஸும்தான் குலுக்குது. ஆனா பஸ் தூக்கித் தூக்கி எறக்குது, இது குத்துது" என்றார் ரிஸ்னா. இதைவிடத் தெளிவாக எந்தப் பொறியியலாளரும் சொல்லியிருக்க முடியாது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒருவர் கார் வாங்க வருகிறார். விலை பேசியாகிவிட்டது. கடைசி முயற்சியாக ரமீஸ் என்னோடு தொலைபேசியில் கதைத்தபோது, பதினெட்டு அங்குலத்துக்கு மாற்று, எல்லாம் சரிவரும் என்று அடித்துச் சொன்னவன் நான். கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அளவும் அதுதான். சனிக்கிழமை அந்தச் சக்கரத்தில் ரிஸ்னா பேராதனையிலிருந்து வீடு வரை வருவார். முதுகு தாங்கினால் கார் வீட்டில் நிற்கும், தாங்காவிட்டால் போய்விடும். ரமீஸ் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலால் காரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சனி, காலை 8.30. கட்டுகஸ்தோட்டையில் லோகன் அண்ணனின் டயர்க் கடை. லோகன் தேயிலைத் தோட்டப்பக்கத்திலிருந்து வந்து, இருபது வருடமாக இங்கே சக்கரம் கழற்றிப் பூட்டுபவர். பேச்சும் கையும் ஒரே வேகம்.

"வாங்க சார், வாங்க. நீங்கதான் யாழ்ப்பாணத்துல இருந்து இந்த ரிம்முக்காகவே வந்தவரா? நம்மளவிடப் பெரிய பைத்தியமா இருப்பீங்க போல."

ஆசை யாரை விட்டது? இன்னும் ஒரு படி இறங்கி பதினேழு போட்டால் இன்னும் சுகமாக இருக்குமே என்று கேட்டேன். லோகன் ஒரு பதினேழு அங்குல ரிம்மைத் தூக்கி முன் அச்சில் வைத்துக் காட்டினார். அது கடைசி வரை உள்ளே போகாமல் பிரேக்கில் முட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களா? இது ஓடுறதுக்குச் செஞ்ச காரு சார், பிரேக்கே சோத்துச் சட்டி சைசு. பதினெட்டுக்குக் கீழ போக ஏலாது."

பதினெட்டு மாட்டும்போது நான் அளவுநாடாவோடு குந்தியிருந்தேன். மொத்த உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான். மில்லிமீற்றர் கணக்கில்தான் வித்தியாசம். அதனால் வேகமானி பொய் சொல்லாது, கார் தாழவும் மாட்டாது. ரிம் சிறுத்த அளவுக்கு ரப்பர் தடித்திருக்கிறது. பழைய டயரின் பக்கச் சுவர் ஏழரை சென்ரிமீற்றருக்கும் குறைவு. புதியது பத்தை எட்டுகிறது. இரண்டரை சென்ரிமீற்றர் ரப்பர், அதற்குள் காற்று. அவ்வளவுதான் வித்தியாசம்! மெத்தை மெலிந்தால் கட்டில் பலகை முதுகில் தெரியும் அல்லவா, அதே கதைதான். கையில் தூக்கிப் பார்த்தேன், பதினெட்டு பாரமும் குறைவு. பாரம் குறைந்த சக்கரம் பள்ளத்தில் சட்டென்று இறங்கி ஏறும், உடம்பை அசைக்காது.

ரமீஸுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "சின்னதா போட்டதும் டொக்டர்ட கார் மாதிரி ஆயிட்டுது" என்றான். வாங்க வருபவருக்கு இருபதுதான் பிடித்திருந்ததாம். அதனால் பழைய சக்கரங்களைத் திங்கள் வரை கடையிலேயே வைத்துக்கொள்ள லோகன் ஒத்துக்கொண்டார். கூலி நாலாயிரம் ரூபா. புறப்படும்போது ஒன்று சொன்னார்: "இந்த ரிம்முல காத்துப் பாக்குற சென்சர் இல்ல. டேஷ்போர்டுல மஞ்ச லைட் எரியும், கணக்கெடுக்காதீங்க. காத்து நான் அளவா வச்சிருக்கேன்."

அங்கிருந்து மடவளை வரை நாங்கள் இருவரும் கத்திக்கொண்டே போனோம். நேற்றுப் பல்லை உடைத்த அதே ஒட்டுகளில் இன்று ஒரு மெல்லிய 'தும்' மட்டும். உடைந்த ஓரத்தில் வேண்டுமென்றே ஏற்றினான். கார் மூச்சுவிட்டது போல் இறங்கி எழுந்தது. வளைவில் முன்னைவிட உறுதியாகவும் இருந்தது. டயர் துள்ளாமல் வீதியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் பிடிமானம் கூடத்தானே செய்யும். "மச்சான், ரிஸ்னா தூங்கிடுவா, பாத்துக்கோ!" என்று ரமீஸ் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான்.

காலை 10.15. மடவளையில் ரமீஸின் கடை. சில ஓர்டர்கள் பார்க்க வேண்டும் என்று இறங்கினான். காரை லொறிகளோடு முற்றத்தில் விட்டுவிட்டு உள்ளே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தோம். ரோல்ஸ் ஒன்று நூற்றிருபது ரூபா. நான் மூன்று சாப்பிட்டேன். முற்றத்தில் லொறிகள் புறப்படும் சத்தமும் கொம்பிரசர் சத்தமுமாக இருந்தது. நல்ல உற்சாகத்தில் கிளம்பினோம். நகர நெரிசலில் பேராதனை வரை ஊர்ந்துதான் போக முடிந்தது. இரண்டு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டு வந்ததில் வீதியை நான் கவனிக்கவேயில்லை.

பகல் 12.40. ரிஸ்னா முன் இருக்கையில், முதுகுக்கு ஒரு தலையணையோடு ஏறினார். நான் பின்னால். கண்டி நகரைத் தாண்டித் தென்னக்கும்புர வரும்வரை நெரிசலில் ஊர்ந்தோம். வீதி சற்று வெளித்து கார் வேகமெடுத்தது. முதல் ஒட்டு வந்தது.

டங்!

ரிஸ்னா கதவுப்பிடியைப் பற்றிக்கொண்டார். அடுத்தது. அதற்கடுத்தது. பின் இருக்கையில் நான் பந்து போல் துள்ளினேன். காலையில் பஞ்சாக ஓடிய கார் இதுதானா?

குண்டசாலையை நெருங்கும்போது ரிஸ்னா மெதுவாகச் சொன்னார்: "அண்ணன், எனக்குப் பொய் செல்ல வராது. முந்தி குத்தினது, இப்ப இடிக்குது."

ரமீஸ் வேகத்தைக் குறைத்தான். காரை ஒரு பெற்றோல் செட்டில் ஓரங்கட்டி நிறுத்தினான். "சரி. நாளைக்கு அந்த ஆள் வரட்டும். குடுத்துட்டு நிம்மதியா ஈப்போம்" என்றான். வருத்தத்தை மறைக்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவனுக்கு நம்பிக்கை கொடுத்து இந்த அலைச்சலில் இறக்கியவன் நான்தானே.

"பொறு மச்சான்," என்றேன். "காலமை உந்தக் கார் இப்பிடி ஓடேல்லை. என்னவோ நடந்திருக்கு. நான் பாக்காம விடமாட்டன்."

டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அது காலையிலிருந்தே எரிகிறது, எதையும் சொல்லப்போவதில்லை. இறங்கி டயரைப் பெருவிரலால் அழுத்தினேன். கல். செட்டில் காற்றுமானியை வாங்கி வால்வில் வைத்தேன். நாற்பத்தாறு! நான்கிலும் நாற்பத்தாறு. சாரதிக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். மூன்று பேர் வரை முன்னுக்கு முப்பத்து மூன்று, பின்னுக்கு முப்பத்தைந்து என்று தெளிவாகப் போட்டிருந்தது.

"லோகன் அண்ணன் ஏன் இப்படிச் செய்தார்?" என்று நான் கேட்டு முடிக்கவில்லை, ரமீஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். "லோகன் இல்ல மச்சான்" என்று சொல்லிவிட்டு மடவளைக் கடைக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான். எடுத்தவர் காசிம் நானா, முற்றத்து லொறிகளுக்குப் பொறுப்பானவர்.

"காசிம் நானா, கார் டயருக்குக் காத்து அடிச்சீங்களா?"

"பின்ன? நம்மட முத்தத்துல இருந்து எந்த வண்டியும் காத்துப் பாக்காம வெளிக்கிடுறதா? நாலு டயரும் சப்பையா நின்டிச்சி மொதலாளி. லொறிக்கு மாதிரி கல்லா அடிச்சி விட்டேன். ஓட்டம் எப்பிடி, சோக்கா ஈக்கா?"

அந்தக் கேள்வியில் இருந்த பெருமையைக் கேட்டதும் ரமீஸுக்குத் திட்ட வாய் வரவில்லை. "சோக்கா ஈக்கு நானா" என்று வைத்துவிட்டான். சாமான் ஏற்றும் வண்டிக்கு அது சரியான வேலைதான். கொஞ்சம் தடித்த ரப்பரைக் கண்டதும் அவர் கண்ணுக்குக் காற்றில்லாத டயர் என்று பட்டிருக்கிறது. ரிஸ்னா முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்க வைக்காதீங்க, நோவுது!"

நான் நான்கு டயரிலும் காற்றை இறக்கினேன். உஸ்ஸென்று அது போகப் போக எனக்கும் உயிர் திரும்பியது. ஓடிச் சூடான டயர் என்பதால் சீட்டில் உள்ளதைவிட இரண்டு கூட்டி விட்டேன்.

பகல் 1.50. மறுபடி வீதியில். முதல் ஒட்டு வந்தது. ரமீஸ் மூச்சைப் பிடித்தான், நானும் பிடித்தேன்.

தும்.

பலகொல்ல தாண்டியது. ஒரு பெரிய பள்ளம் வந்தது, கார் அதில் இறங்கி ஏறியது. ரிஸ்னாவின் கை கதவுப்பிடியில் இல்லை, மடியில் இருந்தது. கேட்க இருவருக்கும் தைரியமில்லை. திகனவில் வீட்டுக்குத் திரும்பும் சந்தி வந்தது, ரமீஸ் சிக்னல் போட்டான்.

"திரும்பாதீங்க. நேரா போங்க" என்றார் ரிஸ்னா.

"எங்க?"

"நேரா."

நேரே போனால் தெல்தெனிய. அதற்கு மேல் ஹுன்னஸ்கிரிய மலை, பிறகு மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு. திகனவிலிருந்து ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீற்றர். ஐயோ, அந்த வீதி! எங்கள் யாழ்ப்பாணத்தில் வளைவு என்றால் கோயில் தேர் திரும்பும் முடக்குதான். அச்சுவேலிக்குப் போனாலும் அராலிக்குப் போனாலும் ஸ்டியரிங்குக்கு வேலையில்லை. இங்கே மலை தன் இஷ்டத்துக்கு வீதியை முறுக்குகிறது. விக்டோரியா நீர்த்தேக்கம் மரங்களுக்குள்ளால் எட்டிப் பார்த்தது, மறைந்தது, பிறகு முழுதாக விரிந்தது. ஏற்றத்தில் ரமீஸ் காலைச் சற்று அழுத்தினான். கார் பாய்ந்தது, குத்தவில்லை. ரிஸ்னா கண்ணாடியை இறக்கிக் குளிர்காற்றை வாங்கிக்கொண்டார். பின் இருக்கையில் நான் சின்னப்பிள்ளை போல் விசிலடித்துக்கொண்டிருந்தேன்.

மாலை 3.15. வளைவுகள் தொடங்கும் உச்சியில் காரை நிறுத்தினோம். கீழே மஹியங்கனைச் சமவெளி வெயிலில் கிடந்தது. ரிஸ்னா தாமாகக் கதவைத் திறந்து, தாமாக இறங்கி, நிமிர்ந்து நின்றார். ரமீஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது அவன் ஃபோன் அடித்தது. நாளை கார் வாங்க வருபவர். ரமீஸ் ஃபோனைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், எடுக்கவில்லை. ரிஸ்னா கை நீட்டி வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"நானா, நாளைக்குப் பத்து மணிக்கு வரவா? கார் வீட்டுல ஈக்குமா?" என்றது அந்தப் பக்கம்.

"இல்ல, வராதீங்க," என்றார் ரிஸ்னா. "நாளைக்கு விடிய நாங்க இந்தக் கார்ல நுவரெலியா போறோம்."

நுவரெலியாப் பயணம் பற்றி ரமீஸ் அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டான்.