அனுப்பியாச்சு, சேர்ந்துச்சா?

'அனுப்பியாச்சு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கல்யாணப் புடவையைத் தூத்துக்குடியிலிருந்து சித்தி 'அனுப்பியாச்சு' என்றுதான் சொன்னாள். கடல் சரியில்லாமல் கப்பல் தாமதமாகி, கல்யாண விருந்தெல்லாம் செரித்த பிறகு புடவை வந்தது. அந்தமான்காரியிடம் அந்தச் சொல்லைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

நான் போர்ட் பிளேரில் வீட்டிலிருந்தபடியே டிரைவர் எழுதுகிறேன். வண்டி ஓட்டுகிற டிரைவர் இல்லை. கம்ப்யூட்டர் சொல்வதை இயந்திரத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற புரோகிராம். இயந்திரத்துக்குள் முகவரிகள் உண்டு. சரியான முகவரியில் ஓர் எண்ணை எழுதினால் மோட்டார் ஓடும், வேறொன்றை எழுதினால் நிற்கும். பிசகினால் அம்போதான்.

ஊருக்குள்ளேயே ஹேடோ பக்கம் ஒரு படகுப் பட்டறையில், வடத்தைச் சுற்றி இழுத்துப் படகைக் கரையேற்றும் வின்ச்சுக்கு டிரைவர் எழுதும் வேலை வந்தது. கண்ட்ரோல் போர்டு மெயின்லேண்டிலிருந்து வந்தது. படகு சரிவில் ஏறி நின்றதும் அதன் அடியில் போய்க் கட்டை வைக்கிறவன் என் அண்ணன்.

சோதனை ஓட்டத்துக்கு நானே பட்டறைக்குப் போயிருந்தேன். நிறுத்தும்போது சில தடவை வடம் வெடுக்கென்று இழுத்தது. படகு குலுங்கியது. குனியப்போன அண்ணன் ஒரே தாவாகத் தாவி வெளியே வந்தான்.

"ஏட்டி, ஒன் மெஷினு என்னய முடிச்சிரும் போலயே!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் அன்றைய ஓட்டத்தை அதோடு நிறுத்தினேன்.

போர்டு செய்த இன்ஜினியருக்குப் போன் போட்டேன். "மோட்டார நிறுத்த எழுதுறீங்க, கொஞ்சம் டைம் விடுறீங்க, அப்புறம் பிரேக். எல்லாம் கரெக்டுதானே மேடம்? அதான் வேல்யூ அனுப்பியாச்சே!"

சொன்னாரே அந்தச் சொல்லை! எரிச்சலில் போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் எழுதுகிற எண் உடனே மோட்டாருக்குப் போய்விடுவதில்லை. கப்பல்துறையில் கிடக்கும் பெட்டி மாதிரி நடுவழியில் காத்திருக்கும். நான் விட்ட நேரமெல்லாம் அது அங்கே கிடந்ததிலேயே தீர்ந்துவிட்டது. 'நில்' என்பதும் 'பிரேக் போடு' என்பதும் ஒன்றன் முதுகில் ஒன்றாகப் போய் இறங்க, ஓடுகிற மோட்டாரை பிரேக் கவ்விப் பிடித்திருக்கிறது.

எழுதிய கையோடு அதே முகவரியைத் திரும்பப் படிக்கும்படி ஒரு வரி சேர்த்தேன். முன்னால் போன எண் சேர்ந்த பிறகுதான் படிப்பதற்குப் பதில் வரும். பதில் வந்த பிறகே நேரத்தை எண்ண வேண்டும், அதற்கப்புறம்தான் பிரேக்.

"ஒரு வரிக்கா இவ்ளோ அக்கப்போரு?" என்றார் இன்ஜினியர், மறுபடி போன் போட்டுச் சொன்னபோது.

"ஒங்களுக்கு அது வரி சார். எனக்கு அண்ணன்."

காலை முழுக்கப் படகில்லாமல் ஓட்டிப் பார்த்தேன். பிறகு படகை ஏற்றி, பாதிச் சரிவில் நிறுத்தினேன். மோட்டார் அடங்கியது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து பிரேக் 'டக்'கென்று விழுந்தது. படகு அசையவில்லை.

"ஹோகயா?" என்று, முடிந்ததா என இந்தியில் கேட்டார் பட்டறைக்காரரான பெங்காலிப் பெரியவர். அண்ணன் அவரையும் பார்க்கவில்லை, வடத்தையும் பார்க்கவில்லை. கட்டையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"என்னட்டி, சேந்துட்டா?"

"சேந்துட்டுண்ணே. கேட்டுட்டேன்."

அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. குனிந்து படகுக்கு அடியில் போய்விட்டான். இந்த வேலையில் எனக்கு எத்தனையோ பாராட்டு வந்திருக்கிறது. அண்ணன் அன்றைக்குக் குனிந்ததற்கு எதுவும் ஈடாகாது.