போனில் வந்த எலி

ஐந்தாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் இடி. அவள் மெதுவாக 'உட்காருங்க' என்றாலே பக்கத்து வகுப்பும் சேர்ந்து உட்காரும். அந்தத் தொண்டைக்குக் கழுதை வேஷம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

வருஷா வருஷம் அவள் வகுப்பில் ஒரே சிறுவர் நாவலை வாய்விட்டுப் படிப்பார்கள். ஒரு கழுதை, அதன் காதுக்குள் குடியிருக்கும் ஓர் எலி. இரண்டும் ஊர் சுற்றும், வழிக்கு வழி சண்டை போடும். எலிக்கு ஆயுசு கொஞ்சம்தானே. பதினாலாம் அத்தியாயத்தில் அது போய்ச் சேர்ந்துவிடும். மிச்சக் கதையைக் கழுதை தனியாக நடக்கும்.

எலிக்குக் குரல் கொடுப்பவள் பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர், இடியின் உயிர்த்தோழி. தன் பிள்ளைகள் தலையில் ஒரு நீளக் கணக்கைக் கட்டிவிட்டு வருவாள். நாற்காலியில் சம்மணம் போட்டுக் கீச்சிடுவாள். பதினாலு முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விடுவாள். நட்பு, இழப்பு என்றெல்லாம் இடி விளக்கியதே இல்லை. காலி நாற்காலி அதைப் பார்த்துக்கொண்டது.

இந்த வருஷம் ஒன்பதாம் அத்தியாயத்திலேயே கணக்கு டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது.

இடி எலிக்கும் தானே பேசிப் பார்த்தாள்.

"டீச்சர், எலிக்கு ஜலதோஷமா?" என்றான் முன்வரிசைப் பையன்.

"இது எலியில்லடா, எலியை முழுங்கின பூனை" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அன்று சாயங்காலமே இடி தோழிக்குப் போன் போட்டாள்.

"நீ இல்லாம கதை நொண்டுதுடி."

"எந்த அத்தியாயம்?"

"ஒம்பது."

"அப்ப நான் இன்னும் சாகலையே. நாளைக்கு வகுப்புல இருந்து கூப்பிடு. எனக்கு அந்த நேரம் சும்மாதான்."

மறுநாளிலிருந்து மேஜைமேல் இருந்த போன் கீச்சிட்டது. சிக்னல் போனால், "வளைக்குள்ள போயிருக்கு, வந்துடும்" என்று பிள்ளைகளே சமாதானம் சொன்னார்கள்.

பதிமூன்று வந்ததும் இடி இழுத்தடிக்க ஆரம்பித்தாள். யாருக்கும் வராத சந்தேகத்துக்கெல்லாம் விளக்கம் சொன்னாள். அண்ணன், அக்கா சொல்லிக் கதை முடிவு தெரிந்த பிள்ளைகள், நடுநடுவே தண்ணீர் குடிக்கப் போய் ஒத்தாசை செய்தார்கள். பதினாலு முடிந்துவிட்டால் தினமும் கூப்பிட அவளுக்கு என்ன சாக்கு இருக்கிறது? ஊர் மாறிய தோழிகளின் கதை தெரிந்ததுதான். முதலில் வாராவாரம் பேச்சு, அப்புறம் எப்போதாவது ஒரு 'உன்னைத்தான் நினைச்சுக்கிட்டே இருந்தேன்.'

தோழி ஒரு நாள் போனிலேயே அதட்டினாள். "ஏண்டி, இன்னும் எத்தனை நாள் இப்படி இழுத்துக்கிட்டுக் கிடக்கிறது? சீக்கிரம் கதையை முடி."

வேறு வழியில்லாமல் இடி பதினாலைப் புரட்டினாள்.

"காதை ஆட்டாம நட. எனக்குத் தூக்கம் வருது" என்றது எலி. அதுதான் அதன் கடைசிப் பேச்சு.

எழுந்து போக இப்போது நாற்காலியில் ஆள் இல்லை. போனை இடிதான் வைக்க வேண்டும். அவள் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குமேல் அப்படியே நின்றது. 

"டீச்சர், எலி இன்னும் மூச்சு விடுது" என்றான் முன்வரிசைப் பையன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. போனுக்குள் எலியும் சிரித்தது.

"நீ வைடி" என்றாள் இடி.

"செத்தவ எப்படிடி வைப்பா? நீதான் வைக்கணும்."

வைத்தாள்.

நிறுத்தினால் அப்புறம் முடியாது என்று பதினைந்தையும் உடனே தொடங்கினாள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் கழுதை, "இடமா, வலமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது. எல்லோர் கண்களும் போன்மேல் போய்த் திரும்பின.

முன்வரிசைப் பையன் மெதுவாகக் கேட்டான். "காது காலியா இருந்தா வலிக்குமா டீச்சர்?"

"அரிக்கும்."

"ரொம்ப நாளைக்கா?"

"கழுதை இன்னும் சொல்லலை. படிச்சாத்தான் தெரியும்" என்று இடி பக்கத்தைத் திருப்பினாள்.