பெனடிக்ட் சார் பிறந்த தேதி

திருமானூர்ப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே கணக்கு வாத்தியாராக இருந்த பெனடிக்ட் சாரை ஒரு பிறந்தநாள் சாக்லேட்டாவது எடுக்க வைத்த பிள்ளை கிடையாது. கலர் டிரஸ் போட்டுக்கொண்டு டப்பாவைத் திறந்தபடி நிற்கிற பெண்ணிடம், "பொறந்ததுல நீ என்னம்மா சாதிச்ச? கஷ்டப்பட்டது உங்கம்மா. போய் அவுங்களுக்குக் குடு" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். பிள்ளையின் முகம் சுருங்குவதைப் பார்க்கவேண்டிய சங்கடம் அவருக்கு இல்லை.

ஆசிரியர் அறையில் பேச்சு வந்தால் ஆதாரம் காட்டுவார். "பைபிள்ல மொத்தமே ரெண்டு பொறந்தநாள் விருந்துதான். ஒண்ணு பார்வோன் வெச்சது. அன்னைக்கு ரொட்டி சுடுறவனத் தூக்குல போட்டான். இன்னொண்ணு ஏரோது. யோவானோட தலைய வெட்டித் தட்டுல வெச்சான். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

தமிழ் எடுக்கிற தேவயானி டீச்சர் ஒருநாள் கேட்டுவிட்டார். "ரெண்டு பேரும் ராஜாங்கதானே சார்? தப்பு ராஜாவா இருந்ததுல. அதுக்குக் கேக் என்ன பண்ணுச்சு?"

"ஏழைப் புள்ளைங்களப் பாத்தீங்களா? பொறந்தநாளும் அதுவுமா யூனிஃபார்ம்லயே வந்து தலைய குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கும்."

"அதச் சொல்லுங்க, நானும் கை தூக்குறேன். அதுக்குப் பார்வோன் எதுக்கு சார்?"

சார் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினார். பார்வோன் இல்லாமல் அவருக்கு அந்த வாதத்தில் ருசியில்லை.

அவர் பிறவியிலேயே இப்படி இல்லை. ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். மாதா கோயில் தேர் வடத்தை இழுத்து உள்ளங்கை காய்த்தவர். முப்பத்தெட்டு வயதில் மஞ்சள் காமாலையில் படுத்தார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த ஒரு பிரதர், இவர் தலையிலும் கை வைத்து ஜெபம் செய்தார். காமாலை இறங்கியது. பத்தியச் சாப்பாடு போட்ட மனைவி சாந்தி மேரிக்கோ, மருந்து கொடுத்த டாக்டருக்கோ அதில் பங்கு கிடைக்கவில்லை. அரியலூரில் ஒரு மாடி ஹாலில் கூடுகிற சபையில் சார் சேர்ந்துவிட்டார்.

வீட்டிலிருந்து மாதா படம் போனது. மெழுகுவத்தி போனது. மனைவி பெயரிலிருந்த மேரியும் போய், வெறும் சாந்தி ஆனாள். கடைசியாகப் போனது மகள் ஷாலினியின் ஏழாவது பிறந்தநாள். சபையில் பிறந்தநாள் கூடாது என்று தெரிந்தபோது பேக்கரியில் கேக் தயாராகிவிட்டிருந்தது. சார் நேரில் போய் அதன் மேலிருந்த பெயரையும் 'ஹேப்பி பர்த்டே'யையும் கத்தியால் வழிக்கச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒருநாள் வைத்திருந்து, மறுநாள் வெறும் தின்பண்டமாக வெட்டச் சொன்னார். ஷாலினி வாயில் வைக்கவில்லை. சார் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

ஆனால் கல்யாண நாளுக்குச் சபையில் தடையில்லை. வருஷா வருஷம் ஹாலில் ஜெபம், வீட்டில் பிரியாணி. அன்றைக்கு வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் சாந்தி கேட்பாள்: "பொறந்தநாள் கூடாதாம், கல்யாண நாள் கூடுமாம். பொறக்காமயா வந்து எனக்குத் தாலி கட்டுனீங்க?"

இப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடியது. போன வருஷம் ஓய்வு வந்தது.

எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் அவர் பிறந்த தேதி 22.5.1965. அதன்படி மே முப்பத்தொன்றோடு வேலை முடிந்தது. ஆனால் சார் உண்மையில் பிறந்தது ஜூன் மாதம். பள்ளியில் சேர்க்கப் போன அப்பா வாய்க்கு வந்த தேதியைச் சொல்லிவிட்டார். ஜூனில் பிறந்ததாக இருந்தால், படிப்பு வருஷத்துக்கு நடுவில் ஓய்வு பெறுகிறவர் என்ற கணக்கில் அந்த வருஷம் முடியும்வரை வகுப்பு எடுக்கலாம். இருபத்திரண்டே நாள் வித்தியாசத்தில் ஒரு வருஷம் கைநழுவுகிறது. வகுப்பறையை விட்டால் தனக்குப் போக இடமில்லை என்பது அப்போதுதான் சாருக்கு உறைத்தது. மார்ச் மாதம் அவர் தன் பிறந்த தேதியைத் தேடிப் புறப்பட்டார்.

அதற்கு அத்தாட்சி ஒரே இடத்தில்தான் இருந்தது. அவர் விட்டுவிட்டு வந்த கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில்.

பங்குச் சாமியார் ஞானமுத்துவுக்கு இவரை நன்றாகத் தெரியும். விவரமறியாத குழந்தைக்குக் கொடுக்கிற ஞானஸ்நானம் செல்லாது என்று அச்சடித்த நோட்டீஸை, திருவிழாக் கூட்டத்தில் அவர் கையிலேயே திணித்தவர் சார். சாமியார் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதவர்போல நாற்காலியைக் காட்டினார். பழைய புத்தகத்தை எடுத்து விரலால் வரிசையாகத் தடவிக்கொண்டு வந்தார்.

"இந்தா இருக்கு. பெனடிக்ட் அந்தோணி. பொறந்தது ஜூன் பதிமூணு, ஞானஸ்நானம் ஜூன் இருபது. அந்தோணியார் திருநாள்ல பொறந்திருக்கீங்க சார்! அதான் பின்னாடி அந்தோணின்னு சேத்திருக்காங்க."

"அதுக்கு ஒரு நகல் வேணும் சாமி."

"தரேன். ஆனா இந்த ஞானஸ்நானமே செல்லாதுன்னீங்களே?"

சார் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தேதி மட்டும் செல்லும் சாமி."

ஞானமுத்து சிரிக்காமல் முத்திரை குத்திக் கொடுத்தார். சார் கதவைத் தாண்டும்வரை காத்திருந்துதான் சிரித்தார்.

செய்தி சபைக்கு எட்டிவிட்டது. மூப்பர் கூப்பிட்டு விசாரித்தார். சார் கணக்கு வாத்தியார் ஆயிற்றே, வழி கண்டுபிடித்தார். "நான் கொண்டாடல பிரதர். நிரூபிக்கிறேன்." மூப்பர் யோசித்துவிட்டு, பிறந்த தேதியை அறிவது பாவமல்ல, அதில் மகிழ்வதே பாவம் என்று தீர்ப்புச் சொன்னார். மகிழ்கிற நிலையில் சாரும் இல்லை.

அரியலூர் கல்வி ஆபீஸில் காசிநாதன் என்கிற கிளார்க், தேதியைத் திருத்தக் கேட்ட மனுவை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். "வேலைக்குச் சேந்து அஞ்சு வருஷத்துக்குள்ள குடுத்திருக்கணும் சார். இப்ப முடியாது."

"நான் என்னைக்குப் பொறந்தேன்னு எனக்குத் தெரியாதாங்க?"

"நீங்க எப்பப் பொறந்தா கவர்மெண்டுக்கு என்ன சார்? எப்பப் பொறந்ததா எழுதிக் குடுத்தீங்க, அதான் கணக்கு."

"இது என் பொறந்தநாள்ங்க!" என்று சார் கத்திவிட்டார். பத்து மேஜையும் திரும்பிப் பார்த்தது. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் உரிமையோடு வந்தது இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. காசிநாதன் மின்விசிறிக்குப் பறக்காமல் மனுவின் மேல் பேப்பர்வெயிட்டை வைத்தார். மனு பறக்கவில்லை. நகரவும் இல்லை.

பள்ளியில் சால்வை போட்டு அனுப்பி வைத்தார்கள். தேவயானி டீச்சர் வாழ்த்திப் பேசியபோது பார்வோனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பெருந்தன்மைதான்.

ஜூன் பதிமூன்று வெள்ளிக்கிழமை வந்தது. தன் தேதி இதுதான் என்று மூன்று மாதமாக பஸ்ஸிலும் டீக்கடையிலும் வக்கீலிடமும் அவர் சொல்லிக்கொண்டிருந்ததில் ஊருக்கே அது மனப்பாடம். சபைக்காரர்களுக்கும் தெரியும். ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் பாவம்.

காலையில் ஷாலினி போன் செய்தாள். பெரம்பலூரில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட் அவள். முந்தின நாள் பெய்த மழையைச் சொன்னாள், ஹாஸ்டல் சாப்பாட்டைச் சொன்னாள், அம்மாவின் முழங்கால் வலிக்கு ஒரு பயிற்சி சொன்னாள். சார் போனைக் காதை விட்டு எடுக்காமல் நின்றார்.

"வேற?" என்றார்.

"வேற ஒண்ணும் இல்லப்பா."

"இன்னைக்கு என்ன தேதி?"

"பதிமூணு. ஏன்ப்பா?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

"சரிப்பா, பேஷண்ட் வந்துட்டாங்க. வெக்கிறேன்."

அவளுக்குத் தெரியாமல் இல்லை. சாந்தியிடம் முந்தின நாளே பேசியிருந்தாள். "நானா ஏம்மா சொல்லணும்? அப்பா கூடாதுன்னு சொல்லிக் குடுத்தத நான் மட்டும் மீறணுமா?" என்று கேட்டிருந்தாள். அதைச் சாந்தி புருஷனிடம் சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் முன்னால் ஒரு டம்ளர் சேமியா பாயசம் வந்தது. சார் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன விசேஷம்?"

"ஒரு விசேஷமும் இல்ல. பால் மிஞ்சிடுச்சு" என்றாள் சாந்தி. முந்திரியும் மிஞ்சியிருக்க வேண்டும், மேலே நிறையவே மிதந்தது.

சார் ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் கேட்டார்:

"இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கா?"